குதிக்கப் போனவன்

சாமி,

வருகிற திங்கட்கிழமை காலையில் சேலத்து ஆஸ்பத்திரியில் நீ அந்தக் குழுவுக்கு முன்னால் போய் உட்காரப் போகிறாய். நான்கைந்து பேர் இருப்பார்களாம். அப்பாவுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுப்பது உன் சொந்த முடிவுதானா, வீட்டில் யாராவது நெருக்கினார்களா, பின்னால் உனக்கு என்ன வரலாம் என்று தெரியுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளின் நகலைப் போன வாரம் நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். 'யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் மனமறிந்து' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அறுபத்திரண்டு வயதில், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுத்து எழுந்துகொண்டிருக்கும் ஒருவனை ஆபீஸ் தாளில் இருக்கும் ஒரு வரி இப்படிப் போட்டுப் பிசையும் என்று நான் நினைக்கவில்லை. மனமறிந்து தருகிறேன் என்று நீ கையெழுத்துப் போடுவாய். போடுவதற்கு முன்னால், நீ யாருக்குத் தருகிறாய் என்பதையாவது அறிந்துகொண்டு போட வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

"ஏனுங்க, எதுத்தாப்புல உக்காந்து சொல்றதுக்கு வாயில்லயா, நோட்டும் பேனாவும் எடுத்துட்டீங்க?" என்று உன் அம்மா கேட்டுவிட்டுப் போனாள். நியாயமான கேள்வி. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நீ நாமக்கல்லில் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மல்லசமுத்திரம் வந்து என்னைக் காரில் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப் போகிறாய். போக வர இரண்டு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். எந்த லாரிக்குப் பாடி கட்டுகிறாய், மரம் எங்கே வாங்கினாய், பெயின்டர் ஏன் மூன்று நாளாக வரவில்லை என்று பேசுகிறோம். முக்கியமான எதையும் பேசியதில்லை. நம் வீட்டு ஆண்களுக்கு அது வராது. அது மட்டுமில்லை. உன் முகத்தைப் பார்த்துப் பேசினால் என் பேச்சு மாறிவிடும். நீ எதைக் கேட்டால் சந்தோஷப்படுவாயோ அதைச் சொல்லிவிடுவேன். சொல்லி முடித்ததும் அதுதான் நிஜம் என்று எனக்கே தோன்றிவிடும். தாளில் எழுதினால் திரும்பப் படித்துப் பார்க்கவாவது முடியும்.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே வருகிறேன். என்னைவிட நான்கு வயது சிறியவன் என் தம்பி வேலு. நீ பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால், நம் கிணற்றுக்குள் எஞ்சின் புகையில் மயங்கிச் செத்தான். அவனைக் காப்பாற்ற நான் கிணற்றில் குதிக்கப் போனேன். இரண்டு பேர் இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. கடைசியில் பக்கத்துக் காட்டில் வெள்ளாமை செய்த ஆறுமுக மாமன் இடுப்போடு கட்டிப் பிடித்துக் கீழே தள்ளியதால்தான் நான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறேன். அவன் பெயரையே உனக்கு வைத்தோம், கூப்பிடுவது மட்டும் செல்லமாகச் சாமி என்று. இதுதான் கதை. இதை உனக்குச் சொன்னது நானில்லை. உன் அம்மா சொன்னாள், அத்தைமார் சொன்னார்கள், கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் யாராவது ஒருத்தர் ஆரம்பித்தார்கள். அப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதை அடக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கிணற்றை நீ சரியாகப் பார்த்ததில்லை. உனக்கு விவரம் தெரிந்தபோது அதைப் பாதி மண்ணைப் போட்டு மூடி, மேலே முள் வெட்டிப் போட்டிருந்தோம். எழுபதடி ஆழம். அந்த வருஷங்களில் தண்ணீர் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. கரண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம், அதுவரைக்கும் டீசல் எஞ்சின்தான். எஞ்சின் மேலே இருந்தால் அத்தனை ஆழத்துத் தண்ணீரை அதனால் உறிஞ்ச முடியாது. அதனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம். கிணற்றுப் பாறையில் நாற்பதடிக்குக் கீழே ஒரு திட்டு வெட்டி, எஞ்சினைக் கயிறு கட்டி இறக்கி அதன்மேல் உட்கார வைத்தோம். புகை வெளியேற ஒரு தகரக் குழாயை மேல்வரைக்கும் ஏற்றினோம். எஞ்சினை ஓட்டவும் நிறுத்தவும் ஒருத்தன் படியில் உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். இது தப்பு என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வந்தால் போதும், காட்டில் குச்சிக்கிழங்குப் பயிர் காயாமல் இருந்தால் போதும். குழாயில் ஒரு இடத்தில் இணைப்பு விட்டுப்போனபோது நான்தான் சாக்குத் துணியைச் சுற்றிக் களிமண் பூசினேன். ஒரு நாள் நான், மறுநாள் அவன் என்று இறங்குவதற்கு முறை வைத்திருந்தோம்.

இனிமேல் சொல்வது கதையில் இல்லாதது. உன் அம்மாவுக்கும் தெரியாது. வேலு சாவதற்கு இரண்டு நாள் முன்னால் என் முறை. எஞ்சினை நிறுத்திவிட்டு மேலே ஏறி வரும்போதே எனக்குக் கால் தள்ளாடியது. தலை விண்விண்ணென்று தெறித்தது. வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வெறும் வயிற்றோடு வெயிலில் இறங்கினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே காலால் மண்ணைத் தள்ளி அந்த வாந்தியை மூடினேன். மறுநாள் வேலுவின் முறை. அவன் இறங்கினான், ஏறினான், ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அடுத்த நாள் மறுபடி என் முறை. காலையில் சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"வேலு, இன்னிக்கு நீ எறங்கு. எனக்குத் தல வலிக்குது."

"உன்ற மொறை வந்தா மட்டும் தல வலிக்குதேண்ணா!" என்று சிரித்தான். சட்டையைக் கழற்றி என் மடியில் எறிந்துவிட்டுப் போனான்.

எஞ்சினை ஓட்டிவிட்டு ஏறி வந்தான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது, பிறகு நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என்னவென்று பார்க்க மறுபடி இறங்கினான். வரவில்லை. எட்டிப் பார்த்தபோது எஞ்சினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், தலை மார்பில் தொங்கியது. கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்துக் காட்டிலிருந்து ஆறுமுக மாமன் ஓடி வந்தார், என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி அவர். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். உள்ளே இருந்த புகை கலையட்டும் என்று கயிற்றில் வேப்பந்தழையைக் கட்டி இறக்கி வீசினார்கள், குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டினார்கள். யாரோ திருச்செங்கோட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்கு முன்னால் டீசல் தீர்ந்து எஞ்சின் தானாக நின்றது. அதுவரைக்கும் அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் மேலே நின்றோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு இறங்கி அவனைக் கட்டித் தூக்கினார்கள். "பின்னால யாரும் எறங்காம நின்னீங்களே, அதுவரைக்கும் நல்லது. எறங்கியிருந்தா இன்னும் ரெண்டு பொணம்" என்று அவர்களில் ஒருத்தர் சொன்னார்.

அவர் சொன்னது சரி. குதித்திருந்தால் நானும் செத்திருப்பேன், நீ பிறந்திருக்க மாட்டாய். நான் இறங்காமல் நின்றது தப்பில்லை. ஏன் நின்றேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இறங்கினால் பிரயோஜனமில்லை என்று யோசித்து நின்றேனா, உயிர் வெல்லம் என்று நின்றேனா? அதைவிட மோசமான கேள்வி ஒன்று இருக்கிறது. அன்று காலையில் என் தலை உண்மையிலேயே வலித்ததா? வலித்தது என்று சில வருஷம் சத்தியம் செய்வேன். வலிக்கவில்லை, இரண்டு நாள் முன்னால் வந்த மயக்கத்தை என் உடம்பு மறக்கவில்லை, அந்தக் கிணற்றில் ஏதோ இருக்கிறது என்று எனக்குள் ஒருத்தனுக்குத் தெரிந்திருந்தது, அவன்தான் தம்பியை இறக்கிவிட்டான் என்று சில வருஷம் தோன்றும். தெரிந்திருந்தால் நான் கொலைகாரன். தெரியாதிருந்தால் நான் முட்டாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒன்றும் தெரியாதவன் வாந்தியை மண் போட்டு எதற்கு மூட வேண்டும்? இத்தனை வருஷம் கட்டிய பெண்டாட்டியிடம்கூட அதைச் சொல்லாமல் எதற்கு வைத்திருக்க வேண்டும்?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகையாவது இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்துவிடலாம். எனக்கு நான் யார் என்று காட்டியது ஊர்க்காரர்கள் வாய்தான். குதிக்கப் போனவன் என்று அவர்கள் சொன்னார்கள், நான் குதிக்கப் போனவன் ஆனேன். வரப்புத் தகராறு என்றால் என்னைக் கூப்பிட்டார்கள். பாகப் பிரிவினை என்றால் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். தம்பிக்காக உயிரை விடப் பார்த்தவன், அவன் சொன்னால் நியாயமாக இருக்கும் என்றார்கள். நானும் நியாயமாகத்தான் சொன்னேன், அந்தப் பேருக்குக் குறைவு வரக்கூடாதே என்று. எந்தச் சண்டையிலும் பின்வாங்காமல் நின்றேன். உள்ளே பயம் இருந்ததா என்றால், பார்க்க நேரம் இருந்ததில்லை. இன்னொன்றும் நடந்தது. எனக்கு ஞாபகமே வந்துவிட்டது. மாமனின் கை என் இடுப்பைச் சுற்றி இறுக்கியது, என் முழங்கை அவர் தாடையில் இடித்தது, கிணற்று மேட்டின் சரளை என் கன்னத்தில் குத்தியது, எல்லாம் கண்ணை மூடினால் தெரியும். அது நடந்ததால் ஞாபகம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் முன்னால் ஆறுமுக மாமன் சேந்தமங்கலத்தில் மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நான் மட்டும் பஸ் ஏறிப் பார்க்கப் போனேனே, உனக்கு ஞாபகம் இருக்கும். காரில் கூட்டிப் போகிறேன் என்றாய், நான் கேட்கவில்லை. அவரிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மகள் காபி போட உள்ளே போனதும் கேட்டேன்.

"மாமா, கெணத்து மேட்டுல நீங்க என்னையப் புடிச்சீங்களே, அப்ப நான் ரொம்ப முண்டுனனுங்களா?"

என் பக்கம் தலையைத் திருப்பினார். "இப்ப எதுக்கு மாப்ளே அது?"

"சும்மாதானுங்க. தெரிஞ்சுக்கலாம்னு."

"நான் எங்க மாப்ளே உன்னையப் புடிச்சேன்? நீதான் என்னையப் புடிச்சிருந்த. என்ற கையில உன்ற நகம் பதிஞ்சு ரத்தம் வந்துருச்சு. உன்ற கைய எடுத்துவுடறதுக்கு ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு."

"அப்பறம் ஏனுங்க எல்லாருகிட்டயும் அப்படிச் சொன்னீங்க?"

"உங்காத்தா மண்ணுல பொரண்டு அழுதுட்டுக் கெடந்துச்சு. மூத்தவன் என்ன பண்ணிட்டு இருந்தான்னு எங்கிட்டக் கேட்டுச்சு. பெத்தவகிட்ட நான் வேற என்னத்தச் சொல்லட்டும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்திருந்தால் நான் கொஞ்சமாவது யோக்கியன். அழுகை வரவில்லை. நாமக்கல் வருவதற்குள் மனசு ஒரு வக்கீலைப் பிடித்துவிட்டது. மாமன் இறங்கப் போயிருப்பார், அவரைத் தடுக்கத்தான் நீ பிடித்திருப்பாய் என்றான் வக்கீல். அதை நம்ப முடியவில்லை என்றால், மாமனுக்கு எண்பது தாண்டிவிட்டது, பேச்சு முன்னே பின்னே போகிறது, அவர் சொல்வதை எப்படிச் சாட்சியாக எடுப்பது என்றான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக் குடிக்கும்போது நான் மறுபடி நல்லவனாகிவிட்டேன். மூன்று மாதத்தில் மாமன் போய்ச் சேர்ந்தார். அவர் இழவிலும் அந்தக் கதையைச் சொன்னார்கள், 'குதிக்கப் போனவனக் காப்பாத்துன மகராசன்' என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் இடது கையில் இருக்கும் தீத்தழும்பைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். திருச்செங்கோடு ரோட்டில் கவிழ்ந்து தீப்பிடித்த லாரியில் இருந்து டிரைவரை நீ வெளியே இழுத்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. மற்றவர்கள் எட்டி நின்று கத்திக்கொண்டிருந்தார்களாம். ஆஸ்பத்திரியில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த உன்னை நான் திட்டினேன், "செத்துப் போயிருந்தா என்னடா பண்றது" என்று. நீ சிரித்துக்கொண்டே, "நீங்க மட்டும் கெணத்துல குதிக்கப் போகலையாப்பா? அதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சுங்க" என்றாய். அன்றைக்கு நான் வாந்தியைப் பற்றியாவது, என் தலைவலியைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். நல்ல சந்தர்ப்பம். உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ், அப்பனைப் போலப் பிள்ளை என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, சாமி. அந்த நிறைவை நினைத்தால் இன்றைக்குக் கூசுகிறது. உன் தைரியம் அசல். அது எந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததோ அதுதான் அசலா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு நீ உன் வயிற்றைக் கிழித்து ஒரு சிறுநீரகத்தைத் தருகிறேன் என்பது உன்னைப் பெற்ற எனக்கா, கதையில் வருகிற அவனுக்கா? அவனுக்கு என்றால், அவன் இந்த வீட்டில் இல்லை.

மனுஷன் தன்னைத் தெரிந்துகொள்ள முடியுமா என்று பெரிய பெரியவர்கள் எல்லாம் யோசித்திருப்பார்கள். எனக்கு அத்தனை படிப்பு இல்லை. வீட்டில் நடப்பதை வைத்துத்தான் சொல்வேன். பசி இல்லை என்று நான் சாப்பாட்டில் இருந்து எழுந்தால் உன் அம்மா, "பசி இல்லாம இல்ல, கொழம்பு புடிக்கல. அதச் சொல்றதுக்கு என்னுங்க?" என்பாள். அவள் சொன்ன பிறகு யோசித்தால் குழம்புதான் பிடித்திருக்காது. ஆனால் சொல்லும்போது நான் பொய் சொல்லவில்லை, பசி இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. சொந்த வயிற்றைப் பற்றியே எனக்குத் தகவல் அடுப்படியில் இருந்துதான் வருகிறது. அப்படியென்றால் மற்றவர்களுக்கு நம்மைத் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாமா? அதே மற்றவர்கள்தான் என்னைக் குதிக்கப் போனவன் என்றவர்களும்.

டயாலிசிஸில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர் படுத்திருப்பாரே, ஆத்தூர்ப் பக்கத்து ரிட்டையர் கண்டக்டர். அவருடைய மகன் சிறுநீரகம் தர முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார் என்று நர்ஸுகள் எல்லாம் பெருமையாகப் பேசுவார்கள். பிள்ளை வாழ வேண்டியவன், நான் வாழ்ந்து முடித்தவன் என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். எனக்கு அவரைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். ஆடி மாதம் ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "ஒரு தடவதான் சார் கேட்டான். நான் மறுத்தேன். இன்னொரு தடவ கேப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கேக்கவே இல்ல." அதற்கடுத்த வாரம் அவர் கட்டிலில் வேறு ஆள். தான் மறுத்தது மனமறிந்துதான் என்று அந்த மனுஷனும் நம்பித்தான் இருப்பார். இல்லாவிட்டால் அத்தனை பேரிடம் சொல்லியிருக்க மாட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லக்கூடாது. ஆனாலும் எழுதுகிறேன். நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாய். உன் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மருமகள் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து நின்றாள். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"மாமா, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு சாமி."

"எனக்குப் பயமா இருக்குதுங்க. அவரு சட்டையக் கழட்டுனா எந்த எடத்துல அறுப்பாங்களோன்னு அந்த எடத்தையே பாத்துட்டு நிக்கறனுங்க. பட்டறையில இரும்பத் தூக்கறவரு. சின்னப் புள்ளை வேற. நாஞ் சொன்னா மாமனாரச் சாகச் சொல்றாள்னு ஊரே பேசும், அவரும் மனசுல வெச்சுக்குவாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேட்டுக்குவாருங்க. ஒரே ஒரு வார்த்தைங்க மாமா."

"சொல்றஞ் சாமி, நீ அழுவாத" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எனக்கு உப்பில்லாமல் உப்புமா கிண்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள்மேல் கோபப்படாதே. இந்த வீட்டில் தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து, அதை வாய்விட்டுச் சொன்னது அவள் ஒருத்திதான். இதை உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அவள் நம்பியிருக்கிறாள். சொல்லிவிட்டேன். நீ அவள் பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொன்னேனா, உனக்கு அவள்மேல் கசப்பு வந்து, இவள் தடுக்கப் பார்த்ததற்காகவாவது கொடுத்தே தீருவேன் என்று நீ முறைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொன்னேனா? நீ சின்ன வயசில் இருந்தே, செய்யாதே என்று யாராவது சொன்னால் அதைச் செய்கிறவன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் சந்தேகப்படுகிறேன். உனக்கு விஷயத்தைச் சொல்லி உன் கட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது வேறு ஒன்று தட்டுப்பட்டது. இத்தனை வருஷம் மறைத்ததை ஒரு அப்பன் வெட்கத்தை விட்டுச் சொல்கிறான் என்றால், எந்த மகன் அவனை விட்டுவிடுவான்? படித்து முடித்ததும் உனக்கு என்மேல் இரக்கம்தான் பெருகும். முன்னைவிட உறுதியாகப் போய்க் கையெழுத்துப் போடுவாய். அதை நான் எழுதும்போதே அறிந்திருக்கிறேனா? கிணற்றுக்குள் இருந்ததை அறிந்திருந்த அந்த ஒருத்தன், இப்போதும் எனக்குள் இருந்துகொண்டு பேனாவைப் பிடித்திருக்கிறானா?

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்கு உயிர் வாழ ஆசையாக இருக்கிறது. அறுபத்திரண்டு வயதில் அசிங்கமான ஆசை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டம்ளரில் அளந்து தண்ணீர் குடிக்கிறேன். ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை அண்ணாந்து, நிறுத்தாமல், வயிறு குளிரக் குடிக்க வேண்டும். உன் மகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க வேண்டும். இன்னும் பத்து வருஷம் உன் அம்மாவிடம் குழம்பு சரியில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைப் பற்றித் தேடித் தேடி நான் கண்டுபிடித்த நிச்சயம் இது ஒன்றுதான், அது இவ்வளவு சின்னதாகவும் இவ்வளவு பலமாகவும் இருக்கிறது.

உன் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். எழுதியதை எல்லாம் முதலில் இருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். மருமகளிடம் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்ட அந்த ஒரு வார்த்தையைத் தேடினேன். கிணறு இருக்கிறது, வேலு இருக்கிறான், மாமன் இருக்கிறார், கண்டக்டர் இருக்கிறார். இத்தனை பக்கத்தில் ஒரு இடத்தில்கூட, 'வேண்டாம் சாமி, எனக்குத் தராதே' என்று நான் எழுதவில்லை. இப்போது இந்த வரியில் எழுதியிருப்பது, எழுதவில்லை என்று சொல்வதற்காக எழுதியது. அதை நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

அப்பா